கண்ணுக்குத் தெரியாத இண்டிகேட்டர் எதுக்குங்க?

தென்னையில வெள்ளை ஈ வந்த கதையை இந்த வாரம் தொடர்ந்து எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்னைக்கு கார் வெச்சிருக்கிற உங்ககிட்ட ஒரு சண்டை போட்டே ஆகணும். சரியாச் சொன்னா உங்ககிட்ட இல்லைங்க, உங்களுக்குக் காரை வரைஞ்சு குடுத்தவங்ககிட்ட.

ரெண்டு மாசத்துக்கு முந்தி நானும் எங்கூட்டுக்காரியும் உழவர் சந்தையில கத்திரிக்காயை வித்துப்போட்டு, காலிக் கூடையோட எக்ஸ்எல்லுல திரும்பி வந்துட்டிருந்தோம். மங்கலம் ரோடு. காலையில எட்டேகால் மணி, கம்பெனிக்கு ஆளுக போற நேரம். முன்னால ஒரு புதுக் கார். நான் அதுக்கு இடது பக்கமா, ரோட்டோரமா வந்துட்டிருந்தேன். திடீர்னு கார் இடது பக்கம் ஒரு சந்துக்குள்ள திரும்பிருச்சு. பிரேக்கைப் புடிச்சேன், ஓரத்து மண்ணுல சக்கரம் வழுக்கிருச்சு. எனக்கு முழங்கால்ல சிராய்ப்பு. அவ கையை ஊணி விழுந்ததுல மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. எங்க ஊட்டுல ரெண்டு கறவை மாடு இருக்குது, பால் பீச்சறது அவ கைதான். அந்தக் கை நின்னா என்ன ஆகும்னு மாடு வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும்.

கார்க்காரத் தம்பி நல்ல பையனுங்க. ஓடிப் போகல. ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிட்டுப் போனார். ஆனா, "இண்டிகேட்டர் போட்டுத்தானுங்க திரும்புனேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்பல. ரோட்டைப் பாத்துட்டே வந்தவன் நான், எதுவும் எரியலைன்னு சத்தியமே பண்ணினேன்.

மறுநாள் அந்த சந்து முக்குல இருக்கிற மளிகைக்கடையில கேமரா பதிவைப் போட்டுக் காட்டினாங்க. எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. எரிஞ்சிருக்குது. நாலு தடவை மினுக்கி இருக்குது. ஆனா எங்க? பின் கண்ணாடிக்குக் கீழ, டிக்கிக்குக் கீழ, நம்பர் பிளேட்டுக்கும் கீழ, பம்பர் மூலையில, ஒரு வெண்டைக்காய் நீளத்துக்கு. மேல, எங்கண்ணு இருந்த உயரத்துல, டிக்கி அகலத்துக்கும் ஒரே சிவப்புப் பட்டை. நான் பாத்தது அந்தப் பட்டையை. போதாததுக்கு எங்க முதுகுக்குப் பின்னால சூரியன். காலை வெயில் அந்தச் சின்ன விளக்கு மேல நேராப் பட்டா, எரியறதும் எரியாததும் ஒண்ணுதான்.

சட்டப்படி தப்பு என்னுதுதான். இடது பக்கமா ஒட்டி வந்தது நான். அதை ஒத்துக்கறேன். அந்தத் தம்பியும் விதிப்படிதான் திரும்பினார். அப்ப ரெண்டு பேருமே ரோட்டைப் பாத்துத்தான் வந்திருக்கோம், ஒருத்தர் சைகையும் குடுத்திருக்கார், ஆனாலும் ஒரு கை ஒடிஞ்சிருக்குது. சைகை போய்ச் சேரலை. சேராத சைகை என்ன சைகைங்க?

பையன் கிட்டச் சொல்லி விதி என்னன்னு தேடிப் பாத்தோம். ஐ.நா. வாகன விதி 48-ன்னு ஒண்ணு இருக்குது, ஐரோப்பாவுல அதுதான் நடக்குது. பின் இண்டிகேட்டர் தரையில இருந்து 35 செ.மீ. உயரத்துக்குக் குறையக்கூடாதுன்னு அதுல இருக்குது. நம்ம நாட்டு ஏ.ஐ.எஸ். 008-ம் அதை ஒட்டினதுதான். 35 செ.மீ.ன்னா எவ்வளவு? உங்க முழங்காலுக்குக் கீழ. என்னோட எக்ஸ்எல் சக்கரமே அரை மீட்டருக்கு மேல உயரம். சக்கரத்தை விடக் கீழ விளக்கு வெச்சாலும் விதிப்படி சரி!

அளவுல அமெரிக்காக்காரன் கொஞ்சம் கறார். அங்க கார் பின் இண்டிகேட்டருக்கு வெளிச்சம் வர்ற பரப்பு 50 சதுர செ.மீ.யாவது இருக்கணும். மூணு தீப்பெட்டியை ஒட்டி வெச்ச அளவுன்னு வெச்சுக்குங்க. ஐரோப்பிய வழியில பரப்பு முக்கியமில்ல, வெளிச்சம் எவ்வளவு வருதுங்கறதைத்தான் அளக்கறாங்க. ஆனா அமெரிக்காவுல வேற கூத்து, அங்க பின் இண்டிகேட்டர் சிவப்பாவே இருக்கலாம். 2009-ல அவங்க அரசாங்கமே ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க. திரும்பற வண்டியைப் பின்னால வந்து இடிக்கிற விபத்து, சிவப்பை விட மஞ்சள் விளக்கு வெச்ச வண்டிகளுக்கு 5.3 சதவீதம் குறைவுன்னு தெரிஞ்சுது. வெறும் நிறத்துக்கே இத்தனை பலன்னா, வெக்கிற இடத்துக்கும் அளவுக்கும் பலனே இருக்காதா? நம்ம நாட்டுல மஞ்சள் கட்டாயம், நல்லது. நல்ல நிறத்தைக் குடுத்துட்டு அதைக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழ ஒளிச்சு வெச்சா எப்படி?

ஏன் கீழ வெக்கறாங்க? டிக்கிக் கதவு திறந்திருந்தாலும் பின்னால வர்றவனுக்கு விளக்கு தெரியணும்னு விதி. இப்ப வர்ற கார்ல டிக்கிக் கதவு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அகலமா வருது. விளக்கையெல்லாம் கதவுல வெச்சுட்டா, கதவு மேல போறப்ப விளக்கும் சேர்ந்து போயிரும். அதனால இண்டிகேட்டரைக் கழட்டி பம்பர்ல சொருகிடறாங்க. மேல இருக்கிற நல்ல இடம் ராத்திரி அழகாத் தெரியற சிவப்புப் பட்டைக்குப் போயிருது. உயிர் காக்கிற விளக்கு திண்ணையில, ஷோக்கு விளக்கு நடு ஊட்டுல!

"எல்.இ.டி. விளக்குங்க, சின்னதா இருந்தாலும் வெளிச்சம் ஜாஸ்தி, பழைய பல்பை விடச் சட்டுனு எரியும்"னு சொல்வாங்க. உண்மைதான். ஆனா வெளிச்சம் ஜாஸ்தியா இருந்து என்ன பண்ண, நடுவுல ஒரு ஆள் நின்னா மறைஞ்சு போகுதே? எங்க ஊர் ரோட்டை வந்து பாருங்க. நீங்க போடற பனியன் ஒரே கம்பெனியில உருவாகறது இல்லைங்க. நூலை நிட்டிங்குக்குக் கொண்டு போகணும், துணியைச் சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, அப்புறம் கட்டிங், தையல், பேக்கிங். பல சமயம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சந்துல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டெம்போ, ஒரு மொபெட், ஒரு வேன். திருப்பூர் ரோடுன்னா நேராப் போற ரோடு இல்லைங்க, நிமிசத்துக்கு ஒருத்தன் திரும்பற ரோடு. ஒரு காருக்கும் அதுக்குப் பின்னால வர்ற பஸ்ஸுக்கும் நடுவுல எப்பவும் அஞ்சு டூவீலர் இருக்கும். அந்த அஞ்சு சக்கரத்துக்கும் பின்னால உங்க பம்பர் விளக்கு மினுக்கினா பஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்? மழை பெஞ்சா முதல்ல சேறு அப்பறதும் பம்பர்லதான். சித்த இடிச்சாலும் முதல்ல உடையறதும் அதுதான்.

"ஒழுங்கா இடைவெளி விட்டு வாங்க"ன்னும் சொல்வாங்க. விடணும். அந்தக் கேமராவுல நாலு மினுக்கல் பாத்தேன்னு சொன்னேனே, அது மூணு நொடி. முப்பது கி.மீ. வேகத்துல மூணு நொடிக்கு 25 மீட்டர். எனக்கு அந்த 25 மீட்டர் கெடைச்சிருந்தா பொறுமையா நின்னிருப்பேன். இடைவெளி ரோட்டுல மட்டும் இல்லைங்க, தெரியற நேரத்துலயும் இருக்குது.

எங்க பக்கத்துக் குறையையும் சொல்லாம விடக்கூடாது. தட்டுக்கட்டை வெச்சுக் கட்டி இண்டிகேட்டரை மறைச்சுட்டுப் போறது நாங்கதான். பின் விளக்கே இல்லாம ராத்திரியில டிரெய்லரை இழுத்துட்டுப் போறதும் நாங்கதான். அது தப்பு, அதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா நாங்க மறைக்கிறது அறியாமையில, அவசரத்துல. காரை வரையறவங்க படிச்சவங்க. கம்ப்யூட்டர்ல நாள் கணக்கா உக்காந்து, யோசிச்சு, காசு செலவு பண்ணி மறைக்கிறாங்க.

2022-ல இந்தியாவுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 17,884. நாட்டுல செத்தவங்கள்ல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூவீலர்ல போனவங்க. பின்னால வந்து இடிக்கிற விபத்துதான் எல்லா வகையிலயும் அதிகம், அஞ்சுல ஒண்ணு. இதுல எத்தனை இண்டிகேட்டரால வந்ததுன்னு யாரும் பிரிச்சு எழுதல, நானும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டேன். ஆனா டூவீலர்ல போறவன் இத்தனை பேர் சாகற நாட்டுல, அவன் கண்ணுக்கு நேரா ஒரு மஞ்சள் விளக்கு வெக்க என்ன கஷ்டம்?

எங்க அய்யன் மாட்டு வண்டியில திரும்பறப்ப சாட்டைக் குச்சியைப் பக்கவாட்டுல நீட்டுவார். அம்பாசடர் ஓட்டினவங்க ஜன்னல்ல முழுக் கையையும் வெளிய போட்டாங்க. ரெண்டுமே பின்னால வர்றவன் கண்ணு உயரத்துல இருந்துச்சு. அவ்வளவுதான் நான் கேக்கறது.

கோயமுத்தூர்லயும் சென்னையிலயும் இருந்து இதைப் படிக்கிறீங்க. இன்னைக்குச் சாயந்திரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க காரோட இண்டிகேட்டரைப் போட்டுட்டு, முப்பது அடி தள்ளிப் போய், நடுவுல ஒரு பைக்கை நிறுத்திப் பாருங்க. ஒருத்தரை பிரேக்கையும் மிதிக்கச் சொல்லிப் பாருங்க. தெரியலைன்னா, திரும்பறதுக்கு முன்னால வழக்கத்தை விட சீக்கிரமாவே போட்டு வைங்க, இடது பக்கக் கண்ணாடியை ஒருதரம் பாத்துட்டுத் திருப்புங்க. அடுத்த கார் வாங்கப் போறப்ப சன்ரூஃப் இருக்கான்னு கேக்கற மாதிரி, இண்டிகேட்டர் எங்க இருக்குதுன்னும் கேளுங்க. நாங்க கேட்டா அவங்களுக்குக் கேக்காது. காசு குடுக்கிற நீங்க கேட்டாக் கேக்கும்.

எங்கூட்டுக்காரிக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. கை இன்னும் முழுசா மடங்கல. பால் நான்தான் பீச்சறேன். மாட்டுக்கு என் கை புடிக்கல, உதைக்குது. சரிங்க, நேரமாச்சு, போய்ப் பாக்கறேன்.