கவுன்சிலில் பதிய முடியுமா என்று கேட்டீர்களா?

சின்னாளப்பட்டிப் பெற்றோரே, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், வீட்டு வாசலில் நோட்டீஸ் வந்து விழுகிறது. வெள்ளைத் தொப்பி போட்ட பெண்ணின் படம். 'ஒரே வருடத்தில் நர்ஸ்', 'வேலை உறுதி'. அடியில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண். அது அறக்கட்டளையைப் பதிவு செய்த எண். படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் இல்லை. நாமோ "கவர்மெண்டுல பதிஞ்சதுன்னு போட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து முதல் தவணையைக் கட்டிவிடுகிறோம்.

நம்மூர் சுங்குடி வாங்க வருகிறவர்கூட முந்தானை ஓரத்தை நனைத்துத் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்கிறார். பிள்ளையின் படிப்பு என்றால் மட்டும், காலேஜ் பஸ் தெருமுனைக்கு வருமா, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்பதோடு நம் விசாரணை முடிந்துபோகிறது.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். இதை முடித்தால் தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது அந்தக் கவுன்சில். அதில் பெயர் ஏறாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு மாட்டி, ஊசி போடச் சொல்லி, சம்பளம் மட்டும் உதவியாளருக்கு உரியதைக் கொடுப்பார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்தப் பிள்ளை விண்ணப்பமே போட முடியாது. வெளிநாடு? பேச்சே வேண்டாம்.

முறையான வழிகள் மூன்று. ஏ.என்.எம். இரண்டு வருடம், கிராம சுகாதார செவிலியர் வேலைக்குப் போகும் வழி அது. ஜி.என்.எம். மூன்று வருட டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் பட்டம். தமிழ்நாட்டில் இந்தப் பட்டப் படிப்பில் சேர பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஜி.என்.எம்.-ஐ மட்டமாக நினைக்காதீர்கள். அதை முடித்துப் பதிவு செய்தவர் பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கலாம். கையில் காசு குறைவாக இருக்கும் தறிக்கார வீட்டுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்னொரு கோபமும் இருக்கிறது. பத்தாவது முடித்த பெண்ணை, தோழி சேர்ந்தாள் என்று காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிடுவது, இரண்டு வருடம் கழித்து "பி.எஸ்சி. நர்சிங் கிடைக்குமாண்ணே?" என்று கேட்டு வருவது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படிக்காமல் அது கிடைக்காது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையன்று ஹெட்மாஸ்டர் அறையில் ஐந்து நிமிடம் உட்கார நமக்கு நேரமில்லை. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதும் பாதிப் பேருக்குப் படிப்பு முடிந்த பிறகுதான் தெரிகிறது.

விசாரிக்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே கஸ்தூரிபா மருத்துவமனை. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனமும் 1964 முதல் காந்திகிராமத்திலேயே இருக்கிறது. நம்மில் பலர் கண் விழித்ததே கஸ்தூரிபா பிரசவ வார்டில்தான். பிள்ளை பார்க்கப் போகும்போது அங்கே இருக்கும் சிஸ்டரிடம், "நீங்க என்ன படிச்சீங்கம்மா, எங்க படிச்சீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவோம்? வருகிற வரனிடம் கோத்திரம், குலதெய்வம் வரை கேட்கிற வாய்தானே இது!

நர்சிங் வார்டில் கற்கிற தொழில். ஆகவே சேர்க்கை ஆபீஸில் உட்கார்ந்ததும், பிள்ளைகளை எந்த ஆஸ்பத்திரிக்குப் பழக அனுப்புகிறீர்கள், அங்கே எத்தனை படுக்கை, பிரசவம் நடக்கிறதா என்று கேளுங்கள். போன வருடம் முடித்த ஒருவரின் கவுன்சில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் டீ வரவழைத்துப் பேச்சை ஜெர்மனி வேலைக்குத் திருப்பினால், அசல் மதிப்பெண் பட்டியலை மஞ்சப்பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.