விண்ணப்பத்திலேயே பறிபோகலாமா உரிமை?

பிளஸ் டூ தேர்வின் முடிவு வெளிவந்ததும், சென்னையின் மேற்குப் புறநகரிலே ஒரு பரபரப்பு எழுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கணினிக் கடைகளின் வாயிலிலே மாணவர்கள் காத்து நிற்கின்றனர். கையிலே மதிப்பெண் பட்டியல். மனத்திலே ஆயிரம் ஐயம். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்தச் சான்று, எது கடைசி நாள்? சொல்வார் யார்? தந்தை பட்டறையிலே, தாய் தையல் ஆலையிலே. கடைக்காரர் கேட்கிறார், மாணவன் தலையசைக்கிறான். அந்தத் தலையசைப்பிலே அவனுடைய அடுத்த நான்கு ஆண்டுகள் முடிவாகி விடுகின்றன!

இது சிறிய செய்தி, குடும்பத்தார் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி என்று எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. கல்லூரிக் கதவு நமக்குத் திறந்த வரலாற்றை அறிந்தவர் எவரும் அவ்வாறு எண்ணமாட்டார்.

அந்நாளைய சென்னை மாகாணத்திலே, பதினான்கு இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, ஆதித்திராவிடருக்கு இரண்டு, பிராமணருக்கு இரண்டு, கிறித்துவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து ஒன்று, முசுலிம்களுக்கு ஒன்று என்று பங்கிட்டது வகுப்புவாரி ஆணை. அந்த ஆணை 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்திலே வீழ்ந்தது. மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காது என்று வழக்குத் தொடுத்தவர் செண்பகம் துரைராசன். அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதை அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது! தமிழகம் கொதித்தெழுந்தது. தந்தை பெரியார் கிளர்ச்சிக்கு அழைத்தார். அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்திலே முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு பிறந்தது.

விண்ணப்பம் போடாதவருக்கு அன்று உச்சநீதிமன்றத்தின் கதவு திறந்தது. தகுதியும் உரிமையும் கொண்ட நம் வீட்டுப் பிள்ளைக்கோ, விண்ணப்பத்திலே ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியாத காரணத்தால் கல்லூரிக் கதவு இன்று மூடிக்கொள்கிறது. இதைக் கண்டு வாளாவிருக்க முடியுமா?

பெற்ற உரிமைகள் கொஞ்சமல்ல. 69 விழுக்காடு இடஒதுக்கீடு 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் வழியே ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. பொறியியலுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-இல் ஒழிந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையை 2010-இல் கலைஞர் அரசு தந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 7.5 விழுக்காடு இடம் என்பது, 2020-இல் மருத்துவத்திற்கும் 2021-இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் சட்டமாயிற்று. அரசுப் பள்ளியிலே பயின்று கல்லூரி ஏறும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. மருத்துவப் படிப்பின் வாயிலிலே 2017 முதல் நீட் என்னும் தடைக்கல் எழுந்ததும் நாடறிந்ததே; அந்தப் போர் வேறு போர்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இவ்வுரிமைகள் எல்லாம் சட்டப் புத்தகத்திலிருந்து தாமே இறங்கி வந்து மாணவனின் தோளைத் தொடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத்திலே ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு சான்று உண்டு. கட்டம் வெறுமையாக நின்றால் உரிமையும் வெறுமையே!

தரகர்கள் நுழைவது இந்த இடத்திலேதான். “கலந்தாய்வு என்று ஏன் அலைகிறீர்கள்? இன்றே பணம் கட்டுங்கள், இடம் உறுதி” என்று தேன் தடவிப் பேசுகின்றனர். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. முதல் பட்டதாரிச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே சேர்ந்தவருக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டிலே பணம் கட்டிச் சேர்ந்த மாணவனுக்கு அது இல்லை. அவசரத்திலே கட்டும் முன்பணம், கையிலிருந்த சலுகையையும் சேர்த்துக் கொண்டு போய்விடுகிறது. மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு மாணவனை மடக்கும் வழக்கமும் ஆங்காங்கே உண்டு. அவ்வாறு வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது. பெற்றோர் இதனை அறிந்து, அஞ்சாமல் கேட்க வேண்டும்.

கலந்தாய்வின் முறையும் மந்திரமல்ல. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை வருகிறது. பின்னர் விருப்பப் பட்டியல். அதிலே எத்தனை கல்லூரி, எத்தனை பாடப்பிரிவு வேண்டுமாயினும் எழுதலாம். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். மாணவனுடைய முறை வரும்போது எந்த இடம் காலியாக இருக்கிறதோ, அவற்றுள் அவன் மேலே எழுதியதைத் தரும். “பெரிய கல்லூரியை முதலில் எழுதினால் சின்னக் கல்லூரியும் போய்விடும்” என்ற அச்சம் ஆதாரமற்றது. அச்சத்தின் வரிசையில் எழுதாதே, ஆசையின் வரிசையில் எழுது! நாலைந்து பெயரோடு நிறுத்தாதே, நீளமாக எழுது! நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் எளிய பாடம் இதுதான்.

பொறியியல் ஒன்றே படிப்பு என்பதும் மயக்கமே. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையவழியே பொது விண்ணப்பம் இருக்கிறது. தமிழ் இலக்கியத்திற்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்திற்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றிற்கு நான்கு பாடங்களின் கூட்டு என்று தனித்தனித் தரவரிசை உண்டு. ஒன்றிலே பின்தங்கியவன் மற்றொன்றிலே முந்தக் கூடும். திருத்தணியிலும் பொன்னேரியிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. பட்டாபிராமிலே இந்துக் கல்லூரி இருக்கிறது. அம்பத்தூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலே தேறியவன் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலே சேரலாம். பட்டயம் பெற்றவன் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலே சேரலாம். ஒரு வழி அடைபட்டால் வாழ்வே அடைபட்டது என்று ஏங்குவது வீண். சேரும் முன்பு கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், மூன்றாண்டுப் பாடத்திட்டத்தை வாங்கிப் படிக்க வேண்டும். எது முதன்மைப் பாடம், எது துணைப் பாடம், அதை வைத்து மேலே எந்தப் படிப்புக்கும் எந்த வேலைக்கும் போகலாம் என்பதை முதலாண்டிலேயே கேட்டறிய வேண்டும்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு வரலாறு உண்டு. சோஷலிச பாணிச் சமுதாயம் காண்போம் என்று 1955-இல் காங்கிரசு மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது இந்த ஆவடியிலேதான். 1961-இல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. கடைசல் இயந்திரத்தின் முன்னே நின்று நின்று கால் வீங்கிய தலைமுறை, தன் மகனும் மகளும் வரைபடம் போடும் மேசையிலே அமரவேண்டும் என்று கனவு கண்டது. தீர்மானம் தாளிலே நின்றதா, வீட்டுக்கு வந்ததா என்பதை அளந்து பார்க்க, அந்தத் தொழிலாளியின் மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதைவிடச் சரியான அளவுகோல் உண்டா?

ஆகவே, ஆட்சிப் பொறுப்பிலே அமர்வோர் எவராயினும் அவர்களிடம் நாம் வற்புறுத்துவது இது. அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். வாடகை வீட்டுக்காரன் இரண்டு நிறுத்தம் தள்ளிக் குடிபெயர்ந்தால், மாவட்டமே மாறிவிடுகிறது! பழைய முகவரிக்கும் புதிய முகவரிக்கும் இடையே சான்றிதழ் சிக்கிக்கொண்டால் இழப்பு மாணவனுக்கே. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்குப் பின் தேடி ஓடும் நிலை வேண்டாம். மாணவன் பன்னிரண்டாம் வகுப்பிலே இருக்கும்போதே, பள்ளிக்கூடத்திலேயே முகாம் வைத்துக் கையிலே கொடுத்துவிட வேண்டும். ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் விண்ணப்பக் காலம் முழுதும், விவரமறிந்த ஆசிரியர் ஒருவர் கணினியோடு அமர்ந்திருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல, மனம்தான் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று தோழர்கள் கைகட்டி நிற்பதும் முறையாகாது. படிப்பகம் கண்டு வளர்ந்த இயக்கம் இது. அன்று எழுத்தறியாதவருக்கு ஏட்டைப் படித்துச் சொன்னோம். இன்று அதே படிப்பகத்திலே ஒரு மேசை போடுவோம். சென்ற ஆண்டு கல்லூரியில் சேர்ந்த மாணவரும் மாணவியரும் இவ்வாண்டு சேர வருவோரின் பக்கத்திலே அமரட்டும். அண்ணன் தம்பிக்குச் சொல்லட்டும். அக்காள் தங்கைக்குச் சொல்லட்டும். கட்சி எது என்று கேட்க வேண்டாம். காசு ஒன்றும் வாங்க வேண்டாம்.

நம் முன்னோர் தெருவிலே நின்று பெற்ற இடம், நம் பிள்ளைகளின் விண்ணப்பத்திலே காலிக் கட்டமாகக் கிடக்கலாகாது. நிரப்புவோம்!