வரிச்சுமை: அண்டை வீட்டையும் பார்ப்போம்

சம்பளம் கைக்கு வருமுன்னரே வரி பிடிக்கப்படும்போது, "நம் நாட்டில்தான் இவ்வளவு வரி" என்று நாம் முணுமுணுப்பதுண்டு. அருகிலிருக்கும் இலங்கையைச் சற்று எண்ணிப்பார்ப்போம்.

இந்தியாவில் புதிய வரித் திட்டத்தின்படி, 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் பொதுவாக வருமான வரி செலுத்தவேண்டியதில்லை. அதே மாதம் முதல் இலங்கையில் வரிவிலக்கு 18 லட்சம் இலங்கை ரூபாய். தொகை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் நமது ஒரு ரூபாய் அங்கே ஏறக்குறைய மூன்றரை ரூபாய். அப்படியானால், நம் கணக்கில் மாதம் 43,000 ரூபாயைத் தாண்டினாலே அங்கு வரி தொடங்கிவிடுகிறது.

மாதம் 3 லட்சம் இலங்கை ரூபாய் பெறும் ஆசிரியரோ மருத்துவரோ ஆண்டுக்கு 2,22,000 ரூபாய் வரி கட்டுகிறார். அதே மதிப்புள்ள சம்பளத்திற்கு, அதாவது மாதம் சுமார் 86,000 ரூபாய்க்கு, இங்கே வரி இல்லை. இங்கே வரி தொடங்கும் வருமானத்தை ஒட்டியே, அங்கே உச்ச வரியான 36 விழுக்காடு தொடங்குகிறது. நமது உச்ச விகிதமான 30 விழுக்காடு 24 லட்சத்திற்கு மேல்தான்.

ஏன் இந்த வேறுபாடு? 2019ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை அரசு வரிகளைப் பெருமளவு குறைத்தது. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் அரசின் வருவாய் சரிந்தது. பெருந்தொற்றும் சுற்றுலா வீழ்ச்சியும் கடனும் சேர்ந்துகொள்ள, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நாடு நின்றது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் காத்திருந்தனர். 2023இல் வரி உயர்ந்தபோது மருத்துவர்களும் பேராசிரியர்களும் போராடினர். 2024 சனவரியில் மதிப்புக்கூட்டு வரி 18 விழுக்காடானது. இதை ஏழையும் பொருள் வாங்கும்போதெல்லாம் செலுத்துகிறார்.

குறைந்த வரி எப்போதும் நன்மையல்ல என்பதே இதில் நாம் கற்கும் பாடம். இன்று தள்ளுபடியாகும் வரி, நாளை ஏழையின் தலையில் விலைவாசியாக இறங்கலாம். நீதியான வரியைத் தட்டிக்கழிப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே கண்டித்தது.

எனவே, "எவ்வளவு வரி?" என்பதோடு நின்றுவிடாமல், "யாரிடமிருந்து? யாருக்காக?" என்றும் கேட்போம். கடையில் இரசீது கேட்டு வாங்குவோம். உண்மையான வருமானத்தைக் காட்டுவோம். செலுத்திய வரி பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் திரும்பி வருகிறதா என்று ஆட்சியாளர்களிடம் துணிவோடு கேட்போம். இவை இரண்டும் நம் கடமையே.