கணினி வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

சென்ற ஆண்டு பெங்களூருவில் உள்ள எங்கள் கிளைக்கு ஓர் இளைஞர் வந்தார். திருமணங்களைப் படம்பிடிப்பவர்களிடமிருந்து காட்சிகளைப் பெற்றுத் தொகுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். அதுவரை பிறரிடம் கூலிக்கு வேலை செய்தவர், இனித் தம் வீட்டிலேயே சொந்தமாகச் செய்ய முடிவு செய்திருந்தார். அவரிடம் ரூ.30,000 சேமிப்பு இருந்தது. வாங்க விரும்பிய கணினிக்கான விலைப்பட்டியலோ ரூ.1,40,000 காட்டியது. மீதியை வங்கி கடனாகத் தர வேண்டும் என்றார்.

"மாதத்திற்கு எத்தனை திருமணங்கள் வரும்?" என்று கேட்டேன். "முகூர்த்த மாதங்களில் நான்கைந்து வரும் சார், ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இராது" என்றார். ஆடியில் வருமானம் நின்றுவிடும். ஆனால் கடன் தவணைக்கு ஆடி என்றும் மார்கழி என்றும் வேறுபாடு கிடையாது. அவருடைய விலைப்பட்டியலில் இந்தக் கணக்கு இடம்பெறவில்லை.

நான் வணிகவியல் படித்தவன். கணினி வல்லுநன் அல்லன். எனினும் ஒரு சொத்தை எப்படி மதிப்பிடுவது என்பதை என் தொழில் கற்றுத் தந்திருக்கிறது. வருமான வரி விதிகள் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கின்றன. ரூ.1,40,000-க்கு வாங்கிய கணினி, முதலாண்டு முடிவில் ஏட்டில் ரூ.84,000 ஆகும், இரண்டாமாண்டு முடிவில் ரூ.50,400 ஆகும். நிலமோ நகையோ போல இது மதிப்பு ஏறும் பொருள் அன்று. ஆகவே, நாளை வரக்கூடும் என்று நாம் கருதும் வேலைக்காக இன்றே பெரிய கணினி வாங்குவது வீண் என்பது என் கருத்து. இன்று கையில் உள்ள வேலைக்குப் போதுமானதை வாங்கி, வேலை பெருகும்போது கணினியையும் பெருக்குவதே முறை.

பாகங்களை வாங்கிப் பொருத்தும் கணினி இதற்கு இடம் தருகிறது. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை, நகர மண்டபத்துக்கு அருகிலுள்ள எஸ்.பி. சாலைக்கு அவருடன் நானும் சென்றேன். கணினிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற அந்தச் சாலையில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டதில் சில செய்திகள் தெளிவாயின.

முதலில் மென்பொருளை முடிவு செய்ய வேண்டும், பிறகே பாகங்கள். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் ஒரு பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை மிகுதியும் சார்ந்தது. கேடென்லைவ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் எளிய கணினியிலும் இயங்கும். இளைஞர் தொகுப்பது பெரும்பாலும் கேமராவிலேயே சுருக்கிப் பதிவான காட்சிகள். அத்தகைய காட்சிகளை விரித்துக் காட்டுவதற்கென்றே இன்டெல் பிராசசர்கள் பலவற்றின் உள்ளமைந்த கிராபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று உள்ளது. மாதிரி எண்ணின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ளவற்றில் அந்தப் பகுதி இயங்காது. சிறிது விலை குறைகிறது என்று 'எஃப்' வகையை வாங்கினால், கிராபிக்ஸ் கார்டும் வாங்கியே ஆக வேண்டும்.

மேலும், 4கே காட்சிகளுக்குக் குறைந்த அளவிலான பிராக்சி நகல்களை உருவாக்கி, அவற்றைக் கொண்டு தொகுத்து, இறுதி வெளியீட்டை மட்டும் மூலக் காட்சியிலிருந்து எடுக்கலாம். நேரம் சற்றுக் கூடும். எனினும் எளிய கணினியிலேயே வேலை முடியும். எனவே கிராபிக்ஸ் கார்டைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தோம். ரேம் 16 ஜிபி போதும். மதர்போர்டில் மற்றோர் இடம் காலியாக இருக்கட்டும். பழைய மானிட்டரே தொடரட்டும். வண்ண விளக்கு எரியும் கேபினட் வேண்டாம்.

சிக்கனம் செய்யக் கூடாத இடங்களும் உண்டு. மலிவான எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது மற்ற பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும். அதைவிட முக்கியமானது காட்சிகளின் பாதுகாப்பு. வங்கி லாக்கரில் பிறர் நகை இருப்பதுபோல், இவருடைய கணினியில் பிறர் வீட்டுத் திருமணம் இருக்கிறது. நகை போனால் வேறு நகை வாங்கலாம். தாலி கட்டிய நேரத்தை மீண்டும் படம்பிடிக்க முடியாது. ஒரே டிஸ்கில் மட்டும் உள்ள காட்சி பாதுகாப்பற்றது. எனவே தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும், மின்தடையைச் சமாளிக்க ஒரு யு.பி.எஸ்.ஸும் பட்டியலில் சேர்ந்தன.

விலை பேசும்போது, "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தரலாம்" என்று கேட்க நேரலாம். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மிச்சமாகிறதே என்று தோன்றும். அந்தப் பில் இன்றேல் உத்தரவாதம் கோருவது கடினம். கணக்கில் தேய்மானம் காட்ட ஆதாரம் இராது. வங்கிக் கடனுக்கும் சான்று கிடையாது. பில்லை விட்டுக்கொடுத்துப் பெறும் தள்ளுபடி, தள்ளுபடியே அன்று.

இனிக் கடன். கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரங்களைக் காண்கிறோம். வட்டி விழுக்காடு பூஜ்யம் என்ற கருத்தே இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. அந்தச் செலவு பரிசீலனைக் கட்டணமாகவோ, ரொக்கத்திற்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியை இழப்பதாகவோ வேறு உருவில் வரும். தவணை தவறினால் கார்டின் வட்டி மிகக் கடுமையானது. வருமானம் ஈட்டும் சிறு தொழிலுக்கு 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டம் இருக்கிறது. அதன் 'சிசு' பிரிவில் ரூ.50,000 வரை பிணையின்றிக் கடன் பெறலாம். அதற்கு மேல் ரூ.5 லட்சம் வரை 'கிஷோர்' பிரிவு. உதயம் பதிவுக்குக் கட்டணம் ஏதுமில்லை.

சேமிப்பும் சிசு கடனும் சேர்ந்து ரூ.80,000 ஆயிற்று. கணினி, ஹார்டு டிஸ்க், யு.பி.எஸ். அனைத்தும் ரூ.68,000-க்குள் முடிந்தன. மீதி ரூ.12,000-ஐ அவர் வேறெதற்கும் தொடாமல் கணக்கில் வைத்திருந்தார். ஆடி வந்தது, வேலை நின்றது, தவணை அந்தப் பணத்திலிருந்து சென்றது. ஆவணியில் மீண்டும் வேலை தொடங்கியபோது அவர் கடனாளியாக இருந்தார். ஆனால் தவணை தவறியவராக இல்லை.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று கருதுவோர் உண்டு. பெரிய கணினி வாங்கி ஆடி மாதத்தில் அதை விற்க நேர்வதைவிட, சிறிய கணினியில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பது மேல் என்பேன். தொழில் தொடங்கும் வாடிக்கையாளர்கள் விலைப்பட்டியலோடு, வருமானமில்லாத மாதங்களின் பட்டியலையும் எழுதிக்கொண்டு கிளைக்கு வாருங்கள். கடன் தொகையை முடிவு செய்ய இரண்டாவது பட்டியலே எங்களுக்கும் உங்களுக்கும் கூடுதலாக உதவும்.