ஒலி ஒன்று, பொருள் வேறு

'கறை' என எழுத வேண்டிய இடத்தில் குழந்தை 'கரை' என எழுதினால் கடிந்துகொள்வோர் பலர். ஆயினும், அது நம்மிடம் கேட்டதையே எழுதிற்று. பல இல்லங்களில் ரகரமும் றகரமும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. செவி மட்டும் வேறுபாட்டை எங்ஙனம் அறியும்? ஆதலின் பொருளோடு சேர்த்துக் கண்ணுக்கும் காட்டுவோம். நாளொன்றுக்கு ஓர் இணை போதும். "ஆற்றுக்குக் கரை உண்டு, சட்டையில் கறை பட்டது" என வாக்கியமாகச் சொல்லி, எழுதிக் காட்டி, குழந்தையையும் எழுதச் செய்வோம்.

ணகர, நகர, னகரங்களுக்கு அடுத்து வரும் எழுத்தே வழிகாட்டும்: டகரத்திற்கு முன் ணகரம், வண்டு, தகரத்திற்கு முன் நகரம், பந்து, றகரத்திற்கு முன் னகரம், கன்று. கடிந்து பேசும் நேரத்தில் ஒரு வாக்கியம் எழுதச் செய்வதே நலம்.