பாட்டு நம்முடையது, பத்திரம் யாருடையது?

காசிமேட்டிலும் எண்ணூரிலும் ஒரு சாவு விழுந்தால் கானா பாடுபவருக்கு ஆள் போகும். டோலக் தாளத்தில் விடிய விடியப் பாட்டு நடக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், வலை இழுத்தவர்களும், ஆலைக்குப் போனவர்களும் வளர்த்த இசை இது. இதைச் சாவுப் பாட்டு என்று ஒதுக்கிய அதே நகரம், 1990களில் தேவாவின் இசையில் கானா திரைக்கு வந்தபோது கூடவே தாளம் போட்டது. பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். பாடிய மக்களை ஏற்றுக்கொண்டார்களா?

இன்று பாட்டைக் கேட்க வைப்பது அவ்வளவு கடினமில்லை. திருவொற்றியூர் மாணவர் கைப்பேசியில் பதிவு செய்ததை யூடியூபில் உலகமே கேட்கலாம். ஆனால் பாட்டு கேட்கப்படுவது வேறு. பாடியவருக்குப் பெயரும் கூலியும் வருவது வேறு.

சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு நம் கண் முன்னே சாட்சி உண்டு. நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. ஆண்களே நிறைந்திருந்த கானாவில் அந்த மேடையில் பாடிய இராயபுரத்துப் பெண் இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

ஆனால் புகழ் மட்டும் காவலாகிவிடாது. 2021இல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை எழுதிப் பாடியவர் அறிவு. அந்தப் பாடலை முன்வைத்து வந்த ஓர் இசை இதழின் அட்டையில் அவர் படம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், குப்பத்துப் பிள்ளையின் பாட்டுக்கு என்ன கதி?

ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உருவாக்கிய கணமே பதிப்புரிமை பிறக்கிறது. பதிவு செய்வது அதற்கான சாட்சி. வரிகளைப் பதிய அரசுக் கட்டணம் 500 ரூபாய். உரிமையை மாற்றித் தருவதானால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். 2012இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளில், எழுதியவரும் மெட்டமைத்தவரும் பெற வேண்டிய ராயல்டிப் பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது. முன்பணத்தை எண்ணுவதற்கு முன் காலம், ராயல்டி, பெயர் ஆகிய மூன்றையும் பத்திரத்தில் தேடிப் பாருங்கள். புரியாவிட்டால் நம் வழக்கறிஞர்களிடம் காட்டுங்கள்.

அரசுக்கும் கடமை உண்டு. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் ஓர் ஒலிப்பதிவு அறை வேண்டும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை மாநகராட்சிச் சமுதாயக் கூடங்களை உள்ளூர்க் குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் தர வேண்டும். மயிலாப்பூரின் சபாக்களுக்கு உள்ள மதிப்பு நம் தெருவின் மேடைக்கும் வேண்டும்.

நம் பாட்டன்மார் பாடிய பாட்டுகள் பல, பெயரில்லாமல் காற்றோடு போயின. பிள்ளைகள் பாடுவதாவது அவர்கள் பெயரிலேயே நிலைக்கட்டும்.