தண்டவாளம் போன வழி

பிரான்சின் நாட்டுப்புறத்தில் கார் இரைச்சலே கேட்காமல் பகல் முழுக்க சைக்கிள் மிதிக்கலாம் என்று எழுதும் பயண இதழ்கள், கூடவே திராட்சைத் தோட்டம், சூரியகாந்தி வயல், கல் வீடு என்று படங்களையும் பரப்பிவிடுகின்றன. அமைதி அந்த மண்ணுக்கே உரிய குணம் என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார். சக்கரத்துக்கு அடியில் இருக்கும் பாதையைக் கவனித்தால் வேறு கதை தெரியவரும். புகை கக்கும் ரயிலும் சரக்குப் படகும் போய்வருவதற்காகப் பள்ளத்தை மேடாக்கி, மலையைக் குடைந்து உண்டாக்கிய வழி அது. போக்குவரத்து நின்றுபோன பிறகும், அந்த நீண்ட ஒல்லியான நிலத்தைத் துண்டுபோட்டு விற்றுவிடாமல் பொதுச் சொத்தாக வைத்திருந்த இடங்களில்தான் இன்றைக்குச் சைக்கிள்காரர் நிம்மதியாகப் போகிறார். இந்தப் பயணத்தின் சுகத்துக்கு இயற்கைக் காட்சியை விட நிலப் பத்திரத்துக்கே அதிகம் நன்றி சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

பொறியாளராக இருந்து பொதுப்பணித் துறை அமைச்சரான சார்ல் த ஃப்ரேசினே 1879-இல் கொண்டுவந்த ஒரு சட்டம் 181 புதிய ரயில் தடங்களைப் பட்டியலிட்டது. வட்டத் தலைநகர் எதுவும் ரயில் பார்க்காமல் இருக்கக் கூடாது என்பது நோக்கம். அதே ஆண்டின் இன்னொரு சட்டம், கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளுக்கு ஒரே அளவை வகுத்தது. சின்ன ஊர்களைக் குடியரசோடு பிணைப்பதற்கான அரசியல் கணக்கு அது. வரவு செலவுக் கணக்குதான் உதைத்தது. பல கிளைத் தடங்கள் பிறக்கும்போதே நோஞ்சான்கள். பேருந்தும் லாரியும் வந்ததும் படுத்துவிட்டன. 1938-இல் தனியார் ரயில் கம்பெனிகள் எஸ்.என்.சி.எஃப். என்ற தேசிய நிறுவனத்தின் கீழ் வந்த கையோடு, பயணிகள் வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. ஒரு காலத்தில் 40,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்த ரயில் பாதை இன்று 30,000-க்கும் குறைவு. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஆனால் மண்ணில் செய்த வேலையைப் பெயர்க்க முடியாது. நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது என்பதால் நூறு மீட்டர் ஓட்டத்தில் மூன்று மீட்டருக்கு மேல் பெரும்பாலும் ஏறாதபடி சமன் செய்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பை கட்டிய சைக்கிளை ஓட்டுகிறவரின் முழங்கால் அந்தச் சமனுக்குத்தான் கடன்பட்டிருக்கிறது.

கைவிட்ட தடங்களில் ஒன்று பர்கண்டி வட்டாரத்தின் தென்பகுதியில் ஜிவ்ரிக்கும் கிளூனிக்கும் இடையில் ஓடியது. 1997-இல் அதில் தார் போட்டு, சுமார் 44 கிலோமீட்டர் நீளத்துக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்டார்கள். வுவா வெர்த், அதாவது பசுமை வழி என்ற பெயரில் பிரான்சில் முதலில் வந்தது இதுதான் என்பார்கள். பிறகு இது மக்கோன் பக்கம் நீண்டபோது, புவா கிளேர் என்ற 1.6 கிலோமீட்டர் சுரங்கமும் பாதைக்குள் வந்தது. குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். உள்ளே வௌவால்கள் உறங்குகின்றன. அந்த மாதங்களில் சைக்கிள் மலைக் கணவாய் ஏறித்தான் போக வேண்டும். வௌவாலுக்கு வழிவிடுவதற்கும் காருக்கு வழிவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதால் யாரும் பெரிதாகக் குறைபட்டுக்கொள்வதில்லை. 2004-இல் அரசாணை ஒன்று இப்படிப்பட்ட பாதைகளைப் போக்குவரத்துச் சட்டத்துக்குள்ளேயே சேர்த்தது. மோட்டார் இல்லாத வண்டி, நடப்பவர், குதிரையில் வருபவர் ஆகியோருக்கு மட்டுமே உரியது என்பது அதன் சாரம். நிலம் கையில் இருந்ததால்தான் சட்டம் பேச முடிந்தது.

நிலம் கையை விட்டுப் போன இடங்களையும் பார்க்க வேண்டும். பழைய தடத்தின் ஒரு துண்டைப் பக்கத்து விவசாயி வாங்கி உழுதுவிட்டார், இன்னொரு துண்டில் வீடு எழும்பிவிட்டது என்றால், நடுவில் சில கிலோமீட்டர் லாரி ஓடும் சாலையில் போக வேண்டிவரும். நாற்பது கிலோமீட்டர் பாதையில் இரண்டு கிலோமீட்டர்தானே என்று திட்டம் போடுகிறவர் நினைக்கலாம். ஒன்பது வயதுக் குழந்தையோடு வருகிற அம்மாவுக்கு அந்த இரண்டு கிலோமீட்டர்தான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. பிரான்சின் பிரித்தானி வட்டாரத்து ரோஸ்காஃபிலிருந்து ஸ்பெயின் எல்லைவரை அட்லாண்டிக் ஓரமாக சுமார் 1,200 கிலோமீட்டர் இறங்கும் வெலோதிசே வழியில் ஏறத்தாழ 70 விழுக்காடு காரில்லாத பாதை என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான், என்றாலும் யார் வரலாம், யார் வர முடியாது என்பதை முடிவு செய்வது மீதி 30 விழுக்காடு. கால்வாய்க் கரைகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவை. குதிரை படகை இழுத்துப் போக வேண்டியிருந்ததால் கரைப் பாதை ஓரிடத்திலும் அறுபடக் கூடாது. கால்வாயில் தண்ணீர் இருக்கும்வரை கரையைக் கூறுபோட்டு விற்கவும் முடியாது. பிரித்தானியில் நான்ட்–பிரெஸ்ட் கால்வாயைப் பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையைச் சமாளிக்க நெப்போலியன் காலத்தில் எண்ணி, 1842-இல் முடித்தது. சுமார் 360 கிலோமீட்டர். 1930-இல் எழுந்த கெர்லேதான் மின் அணை அதை நடுவில் மூழ்கடித்துவிட்டது. படகுக்கு அங்கே கதை முடிந்தது. சைக்கிளுக்கு முடியவில்லை. பக்கத்தில் 1960-களில் மூடிய மீட்டர் கேஜ் ரயிலின் தடம் விற்கப்படாமல் கிடந்தது. இன்று அணை ஏரியைச் சுற்றிப்போகிறவர்களை அதுதான் சுமக்கிறது. ஒரு பொதுச் சொத்தில் விழுந்த ஓட்டையை இன்னொரு பொதுச் சொத்து அடைத்திருக்கிறது.

இதெல்லாம் எதற்கு, பிரான்சில் சின்னச் சாலைகளே வெறிச்சோடித்தானே கிடக்கின்றன என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். நியாயம் உண்டு. அந்த நாட்டில் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது; க்ரேஸ் மாதிரியான மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இருபது பேர் அளவில்தான் மக்கள். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. திடகாத்திரமான ஒருவருக்கு இது போதும். ஆனால் மணிக்கு எண்பது கிலோமீட்டரில் வரும் கார் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் என்றாலும், காது பின்பக்கமே இருக்கும். சைக்கிள் பயணம் திடகாத்திரமானவர்களின் தனிச் சொத்தாக இருந்ததும் இல்லை. 1936-இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை கொடுத்தபோது, சைக்கிளையும் இருவர் மிதிக்கும் டாண்டெமையும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் பந்தய வீரர்களா என்ன? கியர் விஷயத்திலும் இதே சண்டை நடந்தது. சாந்த் எத்தியேனின் போல் த விவி, பலவித கியர் இருந்தால் எல்லோரும் மலை ஏறலாம் என்று வாழ்நாள் முழுக்க எழுதினார். தூர் த பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ஜ், அதெல்லாம் வயசானவர்களுக்கு என்று இளக்காரம் செய்தார். சங்கிலி தாவும் கியருக்குப் போட்டியில் 1937-இல்தான் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு அதை வைத்து ஜெயித்தவர் ரோஜே லாபேபி. போர்தோவுக்கு அருகில் பழைய ரயில் தடத்தில் போட்ட சுமார் 50 கிலோமீட்டர் பாதை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தெரிந்து வைத்தார்களோ இல்லையோ, பொருத்தமான பெயர்.

இந்தப் பாதைகள் அலுப்புத் தட்டுகின்றன என்ற குறையை நான் மறுக்கப்போவதில்லை. ரயில் பள்ளத்தாக்கில் போனது, கிராமம் குன்றின் மேல் இருக்கிறது. இரண்டு பக்கமும் புதர் மூடிய நேர்கோட்டில் மணிக்கணக்காக மிதித்தால் பிரான்சைப் பார்த்ததாகாது. அதற்கு மருந்து குறுக்கே வரும் ஏதாவது ஒரு சாலையில் திரும்புவது. பாதையில் இருப்பவர் விரும்பினால் சாலைக்குப் போகலாம். சாலைக்கு அஞ்சுகிறவருக்கு அந்தத் தேர்வு கிடையாது. பசுமை வழி வந்ததும் சைக்கிளைச் சாலையை விட்டே துரத்திவிடுவார்கள் என்பது சட்டம் அறியாத பயம். அதன் சதுர நீலப் பலகை அனுமதி தருகிறது, கட்டாயப்படுத்துவதில்லை. கடைசியாக, எனக்கே உறுத்துகிற ஆட்சேபம்: அந்தத் தடத்தில் ரயிலையே திரும்ப ஓட்டியிருக்கலாமே? ஓட்டியிருக்கலாம். உள்ளூர் முதியவருக்கு வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருக்குச் சைக்கிள் பாதை பதிலாகாது. ரயில் ஓட வாய்ப்புள்ள தடத்தில் தார் போடுவதை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் செத்துப்போன தடத்தை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போது, துண்டாக்கி விற்பதா, முழுசாக வைத்திருப்பதா என்ற இரண்டே வழிதான் உண்டு. முழுசாக இருந்தால் நாளைக்கு மனம் மாறினாலும் இடமாவது இருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெலோரூத் என்று வரைபடத்தில் போட்டிருந்தால் காரும் வரும் சாலைகள் கலந்திருக்கும். வுவா வெர்த் என்றால்தான் வராது. முதல் பயணத்துக்குப் பலரும் கால்வாய் து மிடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பியர்-பால் ரிகே 1666-இல் தொடங்கிய, 1681-இல் முடிந்த கால்வாய், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது, பெயர் பெரியது. ஆனால் துலூஸிலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போல நல்ல தார். அதைத் தாண்டினால் கணிசமான தூரம் மண்ணும் சரளையும் வேர் முண்டும். 2006-இல் தென்பட்ட பூஞ்சை நோயால் கரையோர பிளாட்டான் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டதால் பல இடங்களில் நிழலும் போயிற்று. துலூஸிலிருந்து மேற்கே திரும்புங்கள். 1856-இல் முடிந்த கரோன் கால்வாய்க் கரையில் 193 கிலோமீட்டரும் ஏறத்தாழ முழுக்கத் தார்ப் பாதை. முவாசாக்கில் பழைய மடாலயம், அஜானில் ஆற்றின் மேலே 23 வளைவுகளில் கால்வாயே பாலமாகப் போகும் அதிசயம். பக்கத்திலேயே துலூஸ்–போர்தோ ரயில் ஓடுவதால், கால் வலித்தால் வட்டார ரயிலில் சைக்கிளோடு ஏறித் திரும்பிவிடலாம். கோடை விடுமுறைக் கூட்டத்தில் சைக்கிளுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். மே அல்லது செப்டம்பரில் போங்கள்.